பல்லியம் பயின்ற மாணவர்

நுழையும்முன்

பல இசைக்கருவிகள் ஒருங்கிணைந்து முழங்குவதைப் பல்லியம் என்று பழந்தமிழ் வழங்கியது. பல்லியத்தில் ஒவ்வொரு கருவிக்கும் தனிக்குரல் உண்டு. குழலின் குரல் நரம்பின் குரலை அழிப்பதில்லை. முழவின் ஒலி குழலைத் தாழ்த்துவதில்லை. நிறத்தின் பெயரால் மனிதரைப் பிரித்துவைத்த நாட்டில் பிறந்த இளைஞர் ஒருவர், கல்லூரி மாணவர்களின் எளிய இசைக்குழுவில் இந்த உண்மையைக் கற்றார். மகன் மருத்துவராக வேண்டும் என விரும்பினார் தாய். மகனின் உள்ளமோ இசையை நாடியது. அந்த மகன் உலகம் போற்றும் இசையமைப்பாளராக உயர்ந்த வரலாற்றை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

தந்தை விட்டுச்சென்ற இசை

அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்பகுதியில் உள்ளது மிசிசிப்பி மாநிலம். அங்கு வுட்வில் என்னும் சிற்றூரில் 1895ஆம் ஆண்டு மே 11ஆம் நாள் வில்லியம் கிராண்ட் ஸ்டில் பிறந்தார். பெற்றோர் இருவரும் ஆசிரியர்கள். தந்தை, கார்னெட் என்னும் துளைக்கருவியை இசைப்பவர்; உள்ளூர் இசைக்குழு ஒன்றையும் நடத்திவந்தார். மகன் பிறந்த மூன்றே மாதங்களில் அவர் மறைந்தார். தந்தையின் இசையைக் கேட்கும் பேறு மகனுக்கு வாய்க்கவில்லை.

அக்காலம் கறுப்பின மக்களுக்குக் கொடிய காலமாக இருந்தது. அடிமைமுறை 1865ஆம் ஆண்டிலேயே சட்டத்தால் ஒழிக்கப்பட்டிருந்தது. எனினும், முப்பது ஆண்டுகள் கடந்தும் அம்மக்கள் வாக்குரிமை இழந்து, அச்சத்தோடு வாழ்ந்தனர். தொடர்வண்டியில் கறுப்பினத்தவர்க்குத் தனிப்பெட்டி ஒதுக்குவது சட்டப்படி சரியே என 1896ஆம் ஆண்டு அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பள்ளிகளும் உணவகங்களும் அரங்குகளும் நிறத்தால் பிரிக்கப்பட்டன.

கணவரை இழந்த தாய் கேரி, கைக்குழந்தையோடு ஆர்கன்சா மாநிலத்தின் தலைநகரான லிட்டில் ராக்கில் குடியேறினார். அங்குக் கறுப்பின மாணவர்களுக்கான பள்ளியில் ஆங்கில இலக்கியம் கற்பித்தார். தம் மாணவர்களுக்கு நூலகம் இல்லையே என வருந்திய அவர், அவர்களையே நடிகர்களாக்கி ஷேக்ஸ்பியரின் நாடகங்களை மேடையேற்றினார். அவற்றால் கிடைத்த பணத்தை நூலகத்திற்குச் செலவிட்டார். கல்வியொன்றே தம் மக்களை உயர்த்தும் என்பதில் உறுதியாக இருந்த ஆசிரியர் அவர். அந்த உறுதி மாணவர்க்கு மட்டுமன்றி மகனுக்கும் உரியதாயிற்று. படிப்பில் சிறு தளர்ச்சியையும் அவர் பொறுத்துக்கொள்வதில்லை.

வீட்டில் பாட்டியும் இருந்தார். வேலை செய்துகொண்டே அவர் பாடிய ஆன்மிகப் பாடல்கள் சிறுவனின் செவியில் நாள்தோறும் விழுந்தன. அடிமை வாழ்வின் துயரத்தையும் விடுதலை வேட்கையையும் ஏந்திய அப்பாடல்கள், எழுத்தில் கற்காமலே அவருள் வேரூன்றின. 1904ஆம் ஆண்டு தாய் மறுமணம் செய்துகொண்டார். மாற்றாந்தந்தையான சார்லஸ் ஷெப்பர்சன் அஞ்சல்துறை ஊழியர்; இசையில் ஆழ்ந்த ஈடுபாடுடையவர். அவர் சிறுவனை இசைநாடகங்களுக்கு அழைத்துச் சென்றார். இத்தாலிய இசைநாடகப் பாடல்கள் பதிந்த இசைத்தட்டுகளை வாங்கிவந்தார். பாட்டியின் பாடலும் இசைத்தட்டின் பாடலும் ஒரே வீட்டில் ஒலித்தன. இரண்டையும் ஏற்றத்தாழ்வின்றிக் கேட்டு வளர்ந்தார் ஸ்டில்.

மரத்துண்டுகளைச் செதுக்கி விளையாட்டு வயலின்கள் செய்வது அவருடைய இளமைப் பொழுதுபோக்கு. மகனின் ஆர்வத்தைக் கண்ட தாய், பதின்ம வயதில் அவருக்கு உண்மையான வயலின் ஒன்றைத் தந்து, ஆசிரியரிடம் பயிற்சிக்கும் வழிசெய்தார். இசையறிவு மகனுக்கு அழகு சேர்க்கும் என்று அவர் எண்ணினார். அதுவே மகனின் வாழ்வாகிவிடும் என்று அவர் எண்ணவில்லை.

தாயின் அச்சம்

1911ஆம் ஆண்டு, தம் பதினாறாம் வயதில், பள்ளிப்படிப்பை முதல் மாணவராக நிறைவு செய்தார் ஸ்டில். இசையமைப்பாளராக வேண்டும் என்பது அவர் விருப்பம். மகன் மருத்துவராக வேண்டும் என்பது தாயின் முடிவு.

தாயின் மறுப்பில் நியாயம் இருந்தது. அக்காலத்தில் கறுப்பின இசைக்கலைஞர் ஒருவர் பெரும்பாலும் மதுக்கூடங்களிலும் நடன அரங்குகளிலும் இசைத்தே பிழைக்க வேண்டியிருந்தது. சிம்பொனி இசைக்குழுக்கள் அவர்களைச் சேர்த்துக்கொள்வதில்லை. எவ்வளவு திறமை இருப்பினும் வறுமையும் இகழ்ச்சியுமே பரிசாகக் கிடைத்தன. மருத்துவருக்கோ சொந்த மக்களிடையே மதிப்பும் நிலையான வருவாயும் இருந்தன. கணவரை இளமையிலேயே இழந்து, தம் உழைப்பால் மகனை வளர்த்த தாய் அவனுக்குப் பாதுகாப்பான வாழ்வை விரும்பியதில் வியப்பில்லை. மகனும் தாயின் சொல்லை மீறவில்லை. அறிவியல் பட்டப்படிப்பில் சேர ஒகையோ மாநிலத்திற்குப் புறப்பட்டார். உடைகளோடு வயலினும் அவருடன் பயணம் செய்தது.

நம்பிக்கையால் எழுந்த கல்லூரி

அவர் சென்று சேர்ந்தது வில்பர்ஃபோர்ஸ் பல்கலைக்கழகம். அடிமை வணிகத்தை எதிர்த்து இங்கிலாந்து நாடாளுமன்றத்தில் போராடிய வில்லியம் வில்பர்ஃபோர்ஸின் பெயரைத் தாங்கிய அக்கிறித்தவக் கல்விநிறுவனம், 1856ஆம் ஆண்டு மெதடிஸ்ட் திருச்சபையினரால் தொடங்கப்பட்டது. உள்நாட்டுப் போர் மூண்டதும் பணமின்றி 1862ஆம் ஆண்டு மூடப்பட்டது. அடுத்த ஆண்டே கறுப்பின மக்களின் திருச்சபையான ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோப்பல் சபை அதனை விலைக்கு வாங்கிற்று. அம்முயற்சியை முன்னின்று நடத்திய பேராயர் டேனியல் பெய்ன் அதன் தலைவரானார். 1865ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள், குடியரசுத் தலைவர் ஆபிரகாம் லிங்கன் சுடப்பட்ட அதே நாளில், கல்லூரியின் முதன்மைக் கட்டடம் தீக்கிரையானது. சபையினர் மனந்தளராமல் அதனை மீண்டும் எழுப்பினர்.

கறுப்பின மக்கள் தாமே நடத்திய கல்லூரி அது. வெளியுலகில் மறுக்கப்பட்ட பொறுப்புகளை அங்கு மாணவர்கள் ஏற்க முடிந்தது. அவர்கள் மேடையில் பேசினர்; குழுக்களை நடத்தினர். இத்தகைய சூழலில்தான் ஸ்டில்லின் கையில் ஓர் இசைக்குழு வந்து சேர்ந்தது.

மாணவர் இசைக்குழு

பகலில் அறிவியல் வகுப்புகளுக்குச் சென்ற ஸ்டில்லின் உள்ளம் கல்லூரி இசைக்குழுவையே சுற்றிவந்தது. அது துளைக்கருவிகளும் தோற்கருவிகளும் நிறைந்த குழு. வயலினில் மட்டும் முறையான பயிற்சி பெற்றிருந்த அவர், அக்குழுவில் சேர்ந்து வேறு கருவிகளைக் கற்கத் தொடங்கினார். விரைவில் குழுவை நடத்தும் பொறுப்பும் அவரிடம் வந்தது.

நடத்துநரின் பணி கோலை அசைப்பதோடு முடிவதில்லை. ஒரு மாணவரின் கருவி பிசிறடித்தால், பிழை விரலிலா, மூச்சிலா, உதட்டிலா என்று அவர் அறிய வேண்டும். அதனை அறிய, அக்கருவியை ஒருமுறையேனும் தாமே இசைத்துப் பார்த்திருக்க வேண்டும். ஸ்டில் அந்தக் கடினமான வழியைத் தேர்ந்தெடுத்தார். குழுவின் கருவிகளைக் கையிலெடுத்துப் பழகினார். கிளாரினெட், சாக்சபோன், ஓபோ ஆகிய துளைக்கருவிகளையும், வயோலா, செல்லோ, டபுள் பேஸ் ஆகிய நரம்புக்கருவிகளையும் தம் இளமைக் காலத்தில் பெரும்பாலும் தாமே முயன்று கற்றார். அவற்றுள் ஓபோ எளிதில் வசப்படாத கருவி. நாகசுரத்தின் சீவாளியைப் போல மெல்லிய நாணற்பட்டைகள் இரண்டின் இடையே மூச்சைச் செலுத்தி அதனை இசைக்க வேண்டும். மூச்சு மிகுந்தால் அலறும். குறைந்தால் ஒலி எழாது. பின்னாளில் அவருக்குச் சோறிட்ட கருவிகளுள் அதுவும் ஒன்று.

குழு இசைப்பதற்கேற்ற இசைக்குறிப்புகள் எப்போதும் ஆயத்தமாகக் கிடைப்பதில்லை. வேறு கருவிகளுக்காக எழுதப்பட்ட இசையைத் தம் குழுவில் உள்ள கருவிகளுக்கு ஏற்ப மாற்றியெழுத வேண்டும். இதனைக் கருவியமைப்பு என்பர். இதில் நுட்பமான இடர்கள் உண்டு. எல்லாக் கருவிகளும் ஏட்டில் எழுதியபடியே ஒலிப்பதில்லை. வழக்கமான பி-பிளாட் கிளாரினெட், எழுதப்பட்டதைவிட ஒரு முழுச்சுரம் தாழ்ந்து ஒலிக்கும். ஆகவே அதற்குரிய பகுதியை ஒரு முழுச்சுரம் உயர்த்தி எழுதினால்தான் வயலினோடு பொருந்தும். துளைக்கருவி இசைப்பவர் மூச்சு வாங்க இடைவெளி விட வேண்டும். கார்னெட்டின் உரத்த குரலில் கிளாரினெட்டின் மெல்லிய கீழ்ச்சுரங்கள் மூழ்கிவிடாமல் காக்க வேண்டும்.

இத்தகைய செய்திகளை நூலில் படிக்கலாம். ஆனால் செவியால் கற்பதே நிலைத்து நிற்கும். இரவில் எழுதியதை மறுநாள் தோழர்கள் இசைக்கும்போது, கருத்தில் கேட்ட ஒலியும் காதில் கேட்கும் ஒலியும் ஒன்றா என்பது உடனே விளங்கிவிடும். பிழை நேர்ந்தால் மறைக்க இயலாது, திருத்தி எழுதவேண்டும். இசையமைப்பு அவருடைய பட்டப்படிப்பில் இடம்பெறவில்லை. எனினும், பயிற்சிக்கூடத்தில் அமர்ந்திருந்த மாணவத் தோழர்களே அவருக்கு நூலும் ஆசிரியரும் தேர்வாளரும் ஆயினர்.

நால்வர் இசை

இசைக்குழுவோடு நரம்பிசை நால்வர் குழு ஒன்றிலும் ஸ்டில் வயலின் இசைத்தார். இரண்டு வயலின்கள், ஒரு வயோலா, ஒரு செல்லோ ஆகிய நான்கே கருவிகள் கொண்டது நால்வர் குழு. அதில் ஒளிந்துகொள்ள இடமில்லை. ஒருவர் பிழை செய்தால் நால்வரின் இசையும் குலையும். ஒருவர் தம் குரலை மட்டும் உயர்த்தினால் மற்ற மூவரின் இசை மங்கும். எப்போது முன்வர வேண்டும், எப்போது பின்னிற்க வேண்டும் என்பதை அறிந்தவரே அதில் நிலைக்க முடியும். அக்குழுவுக்காகவும் ஸ்டில் இசைக்குறிப்புகளை எழுதினார். சொந்தமாகவும் சிறு இசைப்படைப்புகளை உருவாக்கத் தொடங்கினார்.

அந்நாளில் அவர் உள்ளத்தில் ஒளிர்ந்த முன்மாதிரி, சாமுவேல் கோல்ரிட்ஜ்-டெய்லர். ஆப்பிரிக்கத் தந்தைக்கும் ஆங்கிலேயத் தாய்க்கும் இலண்டனில் பிறந்து, இசையமைப்பாளராகப் புகழ்பெற்றவர் அவர். கறுப்பினத்தவரும் பேரிசை படைக்க முடியும் என்பதற்கு அவர் வாழ்வே சான்று. அவரைப் போலவே தலைமுடி வளர்க்கவும் முயன்றார் ஸ்டில். முடி அவ்வாறு வளரவில்லை. ஆனால் அவரைப் போல ஆகவேண்டும் என்னும் எண்ணம் வளர்ந்தது. 1912ஆம் ஆண்டு, தம் முப்பத்தேழாம் வயதில் கோல்ரிட்ஜ்-டெய்லர் மறைந்தபோது ஸ்டில் கல்லூரி மாணவராக இருந்தார்.

தெரியுமா?

மேலைநாட்டு இசைக்குழுக்கள் பலவகைப்படும். துளைக்கருவிகளும் தோற்கருவிகளும் மிகுந்தது பேண்டு. நான்கு நரம்புக்கருவிகளால் ஆனது நரம்பிசை நால்வர் குழு. நரம்புக்கருவி, துளைக்கருவி, தோற்கருவி ஆகிய மூவகையும் பெருந்தொகையாக இணைவது சிம்பொனி இசைக்குழு. அதற்கென எழுதப்படும், பொதுவாக நான்கு பகுதிகளைக் கொண்ட நெடிய இசைப்படைப்பே சிம்பொனி எனப்படும்.

பட்டம் பெறாத மாணவர்

இருவேறு கடமைகளுக்கிடையே நான்காண்டுகள் கழிந்தன. அறிவியல் படிப்பு தாய்க்குத் தந்த வாக்கு. இசை தம் உயிரின் விருப்பம். இரண்டையும் ஒருசேர ஏந்த அவரால் இயலவில்லை. 1915ஆம் ஆண்டு, பட்டம் பெறச் சில மாதங்களே இருந்த நிலையில் கல்லூரியை விட்டு வெளியேறினார். தாய் கொண்டிருந்த மருத்துவக் கனவு அத்துடன் முடிந்தது. ஊரில் எத்தனையோ மாணவர்களைப் பட்டதாரிகளாக்கிய ஆசிரியரின் மகன், பட்டமின்றி நின்றார்.

கையில் பட்டம் இல்லை. ஆயினும் கருவிகள் கைவசம் இருந்தன. அதே ஆண்டில் அவருக்குத் திருமணமும் நடந்தது. குடும்பத்தைக் காக்க ஒகையோவின் நகரங்களில் நடன இசைக்குழுக்களில் கருவிகளை இசைத்தார். எந்தப் பிழைப்பை எண்ணித் தாய் அஞ்சினாரோ அதே பிழைப்பு அவருக்கு நேர்ந்தது. வருவாய் குறைவு, வேலையும் நிலையற்றது. 1916ஆம் ஆண்டு, புளூஸ் இசையின் தந்தை எனப் போற்றப்படும் டபிள்யூ. சி. ஹேண்டி, மெம்பிஸ் நகரில் இருந்த தம் இசைக்குழுவில் அவரைச் சேர்த்துக்கொண்டு, கருவியமைப்புப் பணியை வழங்கினார். கல்லூரித் தோழர்களுக்காக எழுதிப் பழகிய கை, இப்போது தொழில்முறைக் கலைஞர்களுக்காக எழுதியது.

புளூஸ், உழைக்கும் கறுப்பின மக்களின் துயரத்திலிருந்து பிறந்த இசை. கற்றோர் அதனை இழிந்த இசையென ஒதுக்கினர். அதற்குள் மறைந்திருந்த பேரழகை மெம்பிஸில் ஸ்டில் கண்டுகொண்டார். அதனை உயர்ந்த அரங்கில் ஒலிக்கச் செய்யவேண்டும் என்னும் எண்ணம் அங்குத் தோன்றியது.

ஆசிரியர்களைத் தேடி

இருபத்தோராம் வயதில் தந்தை விட்டுச்சென்ற சிறுதொகை அவர் கைக்கு வந்தது. முகம் அறியாத தந்தையின் அச்சேமிப்பைக் கொண்டு ஓபர்லின் இசைக்கல்லூரியில் சேர்ந்தார். 1835ஆம் ஆண்டிலேயே கறுப்பின மாணவர்களுக்குக் கதவு திறந்த கல்விநிலையம் ஓபர்லின். அங்கு அவர் எழுதிய இசையைக் கண்ட ஆசிரியர், இசையமைப்பையும் பயிலலாமே என்று கேட்டார். அதற்குரிய கட்டணம் செலுத்தப் பணமில்லை என்றார் ஸ்டில். ஆசிரியர்கள் கூடி, கட்டணமின்றியே அவருக்கு இசையமைப்புக் கற்பிக்க முடிவு செய்தனர்.

முதல் உலகப்போரின்போது 1918ஆம் ஆண்டு கடற்படையில் சேர்ந்தார். அங்குக் கறுப்பினத்தவருக்கு உணவுக்கூடப் பணியே ஒதுக்கப்பட்டது. உணவு பரிமாறுபவர் வயலின் இசைப்பதை அறிந்த அதிகாரிகள், தாம் உண்ணும்போது அவரை இசைக்கச் செய்தனர். தட்டேந்திய கையே வில்லையும் ஏந்தியது.

போர் முடிந்தபின் 1919ஆம் ஆண்டு நியூயார்க் சென்று மீண்டும் ஹேண்டியிடம் பணியாற்றினார். 1921ஆம் ஆண்டு, கறுப்பினக் கலைஞர்கள் உருவாக்கிப் பெருவெற்றி பெற்ற ஷஃபிள் அலாங் என்னும் இசைநாடகத்தின் குழுவில் ஓபோ இசைத்தார். அந்நாடகம் பாஸ்டன் நகரில் நடந்தபோது, புகழ்பெற்ற இசையமைப்பாளர் ஜார்ஜ் சாட்விக்கை அணுகிப் பாடம் கேட்டார். அவரும் கட்டணம் வாங்காமல் கற்பித்தார்.

பின்னர், கறுப்பினத்தவர் நடத்திய இசைத்தட்டு நிறுவனம் ஒன்றில் ஸ்டில் பணியாற்றினார். புதுமை இசையமைப்பாளரான எட்கார் வரேஸ், தம்மிடம் இலவசமாகப் பயிலத் தகுந்த கறுப்பின இளைஞர் ஒருவரைப் பரிந்துரைக்குமாறு அந்நிறுவனத்திற்கு மடல் எழுதினார். அந்த வாய்ப்பைத் தாமே ஏற்க முன்வந்த ஸ்டில், 1923ஆம் ஆண்டுமுதல் அவரிடம் ஈராண்டுகள் பயின்றார். வறுமை பலமுறை வழியை மறித்தது; ஆனால் ஒவ்வொரு முறையும் ஓர் ஆசிரியர் கதவைத் திறந்துவிட்டார். ஆயினும், முதல் ஆசிரியரான தாய் 1927ஆம் ஆண்டு மறைந்தார். மகனின் பெருவெற்றிகள் எல்லாம் அதன்பின்னரே வந்தன.

அரங்கேறிய சிம்பொனி

1930ஆம் ஆண்டு அமெரிக்காவைப் பொருளாதாரப் பெருமந்தம் வாட்டியது. வேலையற்ற அந்நாளில் ஸ்டில் ஒரு சிம்பொனியை எழுதினார். அதற்கு ஆப்பிரிக்க-அமெரிக்கச் சிம்பொனி எனப் பெயரிட்டார். ஏக்கம், துயரம், நகைச்சுவை, உயர்வேட்கை என்னும் நான்கு உணர்வுகள் அதன் நான்கு பகுதிகளுக்கும் உரியவை. வில்பர்ஃபோர்ஸ் கல்லூரிக்கு அருகிலுள்ள டேட்டன் நகரில் பிறந்த கறுப்பினக் கவிஞர் பால் லாரன்ஸ் டன்பாரின் கவிதைகளை அப்பகுதிகளோடு இணைத்தார்.

அச்சிம்பொனியின் தொடக்கத்தில் இங்கிலீஷ் ஹார்ன் என்னும் கருவி தனித்து ஒலிக்கிறது. அது ஓபோவின் குடும்பத்தைச் சேர்ந்தது. அதனினும் தாழ்ந்த, கனிந்த குரலுடையது. அதனையடுத்து, ஒலி அடக்கப்பட்ட டிரம்பெட்டில் புளூஸ் மெட்டு எழுகிறது. அதனை ஸ்டில் எவரிடமும் கடன் வாங்கவில்லை, தாமே புனைந்தார். மூன்றாம் பகுதியில் பாஞ்சோ என்னும் நரம்புக்கருவி சேர்கிறது. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்களின் நினைவிலிருந்து உருவான கருவி அது. சிம்பொனி இசைக்குழுவில் வழக்கமாக இடம்பெறாத அக்கருவி, வயலின்களுக்கு நடுவே நிமிர்ந்து அமர்ந்தது.

1931ஆம் ஆண்டு அக்டோபரில் ஹோவர்டு ஹான்சன் நடத்த, ராசெஸ்டர் பில்ஹார்மோனிக் இசைக்குழு அதனை அரங்கேற்றியது. கறுப்பினத்தவர் ஒருவர் இயற்றிய சிம்பொனியை அமெரிக்காவின் முன்னணி இசைக்குழு ஒன்று முழுமையாக இசைத்தது அதுவே முதன்முறை. பாட்டியின் பாடலும் இசைத்தட்டின் பாடலும் ஒரே வீட்டில் ஒலித்ததுபோல், புளூஸும் சிம்பொனியும் ஒரே மேடையில் ஒலித்தன.

கையில் ஏந்திய கோல்

1934ஆம் ஆண்டு குகன்ஹைம் நல்கை பெற்று லாஸ் ஏஞ்சலஸ் நகரில் குடியேறினார். இரண்டு ஆண்டுகளுக்குப்பின், ஹாலிவுட் பவுல் என்னும் திறந்தவெளி அரங்கில் லாஸ் ஏஞ்சலஸ் பில்ஹார்மோனிக் இசைக்குழுவின் முன் நின்று, தம் படைப்புகளை நடத்தினார். அமெரிக்காவின் பெரும் சிம்பொனி இசைக்குழு ஒன்றை நடத்திய முதல் கறுப்பினத்தவர் என்னும் பெருமை அவருக்கு உரியதாயிற்று. கல்லூரிப் பயிற்சிக்கூடத்தில் மாணவத் தோழர்களின்முன் முதன்முதலாக எடுத்த கோல், இருபது ஆண்டுகளுக்கு மேலான உழைப்புக்குப்பின் அங்கு உயர்ந்தது.

அதே 1936ஆம் ஆண்டில் மற்றொரு சிறப்பும் வந்தது. பட்டம் பெறாமல் வெளியேறிய மாணவருக்கு வில்பர்ஃபோர்ஸ் பல்கலைக்கழகம் இசையில் மதிப்புறு முதுகலைப் பட்டம் வழங்கியது. தாய் விரும்பிய மருத்துவப் பட்டம் அதுவன்று. எனினும் தாய் அனுப்பிவைத்த கல்லூரி தந்த பட்டம் அது. பதினொரு ஆண்டுகளுக்குப்பின் ஓபர்லினும் மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கிச் சிறப்பித்தது.

வெற்றிகள் தடைகளை முற்றிலும் அகற்றவில்லை. 1939ஆம் ஆண்டு, பியானோ கலைஞரும் எழுத்தாளருமான வெர்னா ஆர்வியை அவர் மணந்தார். வெர்னா வெள்ளையினத்தவர். இருவேறு இனத்தவர் மணந்துகொள்வதைக் கலிபோர்னியா மாநிலச் சட்டம் அன்று தடுத்தது. அதனால் எல்லை கடந்து மெக்சிகோவில் அவர்கள் திருமணம் செய்துகொள்ள நேர்ந்தது. எய்ட்டி நாட்டு அடிமைகளின் விடுதலைப் போரைப் பொருளாகக்கொண்டு, கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸின் வரிகளோடு அவர் உருவாக்கிய இசைநாடகம் கொந்தளிக்கும் தீவு. அது மேடையைக் காணப் பல ஆண்டுகள் காத்திருந்தது. 1949ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் நாள் நியூயார்க் நகர இசைநாடகக் கழகம் அதனை அரங்கேற்றியது. கறுப்பினத்தவர் இயற்றிய இசைநாடகத்தைப் பெரும் கழகம் ஒன்று மேடையேற்றியது அதுவே முதன்முறை. மக்கள் நெடுநேரம் கைதட்டினர். திறனாய்வாளர்களின் வரவேற்போ குளிர்ந்திருந்தது. மூன்று நிகழ்ச்சிகளோடு அது நின்றது. ஸ்டில்லின் உள்ளம் புண்பட்டது. ஆனால் எழுதும் கை ஓயவில்லை.

1955ஆம் ஆண்டு, தென்மாநிலமான லூசியானாவில் நியூ ஆர்லியன்ஸ் பில்ஹார்மோனிக் இசைக்குழுவை நடத்தினார். நிறப்பாகுபாடு வேரோடியிருந்த அப்பகுதியில் பெரும் இசைக்குழு ஒன்றைக் கறுப்பினத்தவர் நடத்தியது அதுவே முதன்முறை. அவர் பிறந்த மிசிசிப்பி அதற்கு அண்டை மாநிலம். தந்தை கார்னெட் இசைத்த மண்ணுக்கு அருகில், மகன் பல்லியத்தை ஆண்டார்.

ஒலித்துக்கொண்டிருக்கும் குரல்

ஐந்து சிம்பொனிகள், பல இசைநாடகங்கள், நடன நாடகங்கள், பாடல்கள் என ஏறத்தாழ 200 படைப்புகளை வழங்கிய வில்லியம் கிராண்ட் ஸ்டில், 1978ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் நாள் லாஸ் ஏஞ்சலஸில் மறைந்தார். ஆப்பிரிக்க-அமெரிக்க இசையமைப்பாளர்களின் மூத்தவர் என்று இசையுலகம் அவரைப் போற்றுகிறது.

அவருடைய வரலாற்றில் முதன்முறை என்னும் சொல் பலமுறை வருகிறது. ஒருவர் முதலில் நுழைவதற்கு முன்பு அவ்வாயில் எத்தனை பேருக்கு மூடப்பட்டிருந்தது என்பதையும் அச்சொல் நினைவூட்டுகிறது. திறமை இருந்தும் வாய்ப்பின்றி மறைந்த கலைஞர்களின் கூட்டத்தை எண்ணிப் பார்த்தால், ஒகையோவின் கிறித்தவக் கல்லூரியில் இயங்கிய மாணவர் இசைக்குழுவின் அருமை விளங்கும். அங்குப் பெரிய அரங்கு தேவைப்படவில்லை. பழகுவதற்குக் கருவிகளும், எழுதியதை இசைத்துக்காட்டத் தோழர்களும், பிழை செய்து திருத்திக்கொள்ள உரிமையும் இருந்தன. ஓர் இளைஞரின் ஆற்றல் முளைவிட அவை போதுமானவையாக இருந்தன.

தாயின் அச்சம் பொய்யன்று. மகன் அந்த வறுமையையும் இகழ்ச்சியையும் சந்திக்கவே செய்தார். ஆனால் மக்களை உயர்த்த நாடகம் நடத்தி நூலகம் அமைத்த அத்தாயின் உறுதியே, மக்களின் பாடலை உயர்த்தச் சிம்பொனி எழுதிய மகனிடமும் இருந்தது. தாம் தேர்ந்த வழி வேறாயினும், தாய் காட்டிய திசையிலேயே மகன் நடந்தார்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளியில் உள்ள இசைக்குழு, நாடகக்குழு, விளையாட்டுக்குழு ஆகியவற்றுள் ஒன்றில் பங்கேற்றதால் நீங்கள் கற்றுக்கொண்டவற்றை ஒரு பக்க அளவில் எழுதி, வகுப்பறையில் பகிர்க.

2. பிள்ளைகளின் எதிர்காலம் குறித்துப் பெற்றோர் கொள்ளும் அச்சத்தில் உள்ள நியாயத்தையும், பிள்ளைகளின் விருப்பத்தில் உள்ள நியாயத்தையும் இருவர் உரையாடலாக அமைத்து எழுதுக.

3. உங்கள் ஊரில் இசைக்கப்படும் தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி ஆகியவற்றைப் பட்டியலிட்டு, அவற்றுள் ஒன்றை இசைக்கும் கலைஞரைச் சந்தித்து, அவர் அதனைக் கற்ற முறையைக் கேட்டறிந்து எழுதுக.